துரு ஏறிய எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு நட்டுகள்: எட்டு நட்டும் எட்டு விதமா வந்த ஒரு கேஸ்

பின்னணி

வண்டி 25 வருஷத்துக்கு மேல பழசான நாலு சிலிண்டர் பெட்ரோல் கார். அலுமினிய ஹெட்டு (இன்ஜினோட மேல் மூடி), அதுல வார்ப்பிரும்பு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (சிலிண்டர்ல இருந்து புகையைச் சேத்து வெளிய அனுப்புற குழாய்), அதைப் பிடிச்சுக்கிட்டு எட்டு எம்8 ஸ்டட்டு (ஹெட்டுல முறுக்கி நிறுத்தின, தலையில்லாத 8 மி.மீ மரைக் கம்பி), ஒவ்வொண்ணுலயும் பட்டைக்கு பட்டை 13 மி.மீ நட்டு. ஓனர் வயசானவர், வண்டியை ரொம்ப நாள் திறந்த வெளில நிறுத்தி வச்சிருந்துட்டு திரும்ப ஓட்டணும்னு எடுத்துட்டு வந்தார். கம்ப்ளெயின்ட்டு என்னன்னா, காலைல முதல் ஸ்டார்ட்டுல டிக் டிக்னு சத்தம், ஆக்சிலரேட்டர் கொடுத்தா சத்தமும் கூடவே வேகமாகுது, கொஞ்ச நேரம் ஓடி சூடானதும் குறைஞ்சிடுது.

முதல்ல ஒருத்தர் டேப்பட் (வால்வைத் தள்ளுற பாகம்) சத்தம்னு நினைச்சு அதை அட்ஜஸ்ட் பண்ணிருக்கார், சத்தம் போகல. அப்புறம் இன்னொருத்தர் சரியாவே கண்டுபிடிச்சு, மேனிஃபோல்டு கேஸ்கெட்டு (ஹெட்டுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவுல கசியாம அடைக்கிற தகடு) போயிருக்குன்னு சொல்லி கழட்டப் பாத்திருக்கார், ஒரு நட்டு சுத்தாம வழுக்க ஆரம்பிச்சதும் அப்படியே விட்டுட்டார். அவர் அந்த இடத்துல நிறுத்தினது எங்களுக்குப் பெரிய உதவி, ஏன்னா வண்டி எங்ககிட்ட வந்தப்போ ஒரு ஸ்டட்டுகூட உடைஞ்சிருக்கல.

வேலை பாத்தது மூணு பேர்: சீனியர் மெக்கானிக், நான், ஒரு ஹெல்ப்பர் தம்பி. இதை முழுசா எழுதி வைக்கிறேன், ஏன்னா ஒரே வரிசைல, ஒரே சைஸ்ல, ஒரே வயசுல இருந்த எட்டு நட்டும் மாட்டிக்கிட்ட காரணம் ஒண்ணு இல்ல, எது பிடிச்சிருக்குன்னு தெரியாம எல்லாத்துக்கும் ஒரே வைத்தியம் பாத்திருந்தா பாதி ஸ்டட்டு போயிருக்கும்.

முதல்ல பார்த்தது

குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி கேட்டதுல சத்தம் நாலாவது சிலிண்டர் பக்கம், ஃபயர்வால் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கிற தடுப்பு) ஓரத்துல இருந்து வந்துச்சு, அந்த போர்ட்டுக்கு (புகை வெளிய வர்ற வாய்) கீழ ஹெட்டுல கருப்பா புகைக்கரி கோடு. சூடானா சத்தம் குறையுறதுக்குக் காரணம் மேனிஃபோல்டு விரிஞ்சு அந்த இடைவெளியை தானே அடைச்சுக்கிறது, டேப்பட்டா இருந்தா இந்த மாதிரி கரி கோடு விழாது.

அன்னைக்கு ஸ்பேனரை கையிலேயே எடுக்கல. வயர் பிரஷ் வச்சு எல்லா நட்டையும் தேச்சு, வெர்னியர்ல அளந்து, ஒரு அட்டைல ஒண்ணுல இருந்து எட்டு வரைக்கும் படம் போட்டு எழுதினோம். நடுவுல இருந்த நாலும் (3, 4, 5, 6) துரு இருந்தாலும் மூலை நல்லா இருந்துச்சு, அளவு 12.8 மி.மீ கிட்ட. 2ம் நம்பர் நட்டுதான் முன்னாடி வழுக்கினது, மூலை எல்லாம் மழுங்கி உருண்டு, பட்டைக்கு பட்டை 12.3 தான் இருந்துச்சு, பத்தாததுக்கு வைஸ் கிரிப் (கடிச்சுப் பூட்டிக்கிற பிளையர்) பல் பதிஞ்ச தடம் வேற. 7ம் நம்பர்ல நட்டுக்கு வெளிய ஸ்டட்டு நீளமா நீட்டிக்கிட்டு இருந்துச்சு, அந்த வெளி மரை முழுக்க துரு செதில். 1ம் 8ம் ரெண்டு ஓரமும் பாக்க பரவால்ல, ஆனா 8 லேசா சாஞ்சிருந்துச்சு.

ஓரத்து ஸ்டட்டு மேலதான் எங்களுக்கு சந்தேகம் அதிகம். வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு 40 செ.மீ நீளம்னு வச்சுக்கிட்டா, 500 டிகிரி சூடு ஏறும்போது கிட்டத்தட்ட 2 மி.மீ நீளும், ஹெட்டு தண்ணில குளிர்ந்துக்கிட்டே இருக்கிறதால அது அவ்வளவு நீளாது, அந்த வித்தியாசத்தை ரெண்டு ஓரத்து ஸ்டட்டும்தான் வளைஞ்சு வளைஞ்சு தாங்கணும். இப்படி வருஷக்கணக்கா வளைஞ்ச ஸ்டட்டுல கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம்.

முதல் முடிவு: பலத்தை கடைசிக்கு வைக்கிறது

ஓனர் பக்கத்துல நின்னு பாத்துட்டு கேட்டார், "ஏன் தம்பி, ஒரு நீள பைப்பை போட்டு நல்லா இழுத்தா வந்துடாதா?" சீனியர் சொன்னது: "வரும் ஐயா, ஆனா நட்டு வருமா ஸ்டட்டு வருமான்னு நம்ம கையில இல்ல."

இதுல கணக்கு ரொம்ப நேரடியானது. 8.8 கிரேடு (போல்ட்டோட பலத்தைக் குறிக்கிற எண்) எம்8 போல்ட்டு புதுசா இருக்கும்போதே 30 சொச்சம் நியூட்டன் மீட்டர் முறுக்குல உடையற எல்லைக்கு வந்துடும். அரை மீட்டர் பைப்போட நுனில 10 கிலோ எடை அளவுக்கு அழுத்தினாலே 49 நியூட்டன் மீட்டர். அதாவது ஒரு ஆள் சாதாரணமா கை வச்சு அழுத்தறதே போதும், துருவுல இளைச்சுப்போன ஸ்டட்டு அதுக்கும் ரொம்ப முன்னாடியே போயிடும். பெரிய வீல் நட்டுக்கு பைப் போடுற பழக்கத்தை அப்படியே எம்8க்கும் எம்6க்கும் கொண்டு வர்றதாலதான் பாதி உடைசல் நடக்குதுங்கறது என் அபிப்பிராயம்.

அதனால முதல்ல ஊறல். துருவை ஊடுருவுற ஆயில் ஸ்பிரேயை ஒவ்வொரு நட்டுக்கும் உள்பக்கமும் வெளிப்பக்கமும் அடிச்சு, சின்ன சுத்தியால நட்டோட பட்டைல டொக் டொக்னு தட்டினோம், மறுபடி அடிச்சோம், ராத்திரி முழுக்க விட்டோம். தட்டறது வெறும் சம்பிரதாயம் இல்ல, துரு அது தின்ன இரும்பைவிட ரெண்டு மடங்குக்கு மேல இடத்தை அடைக்கிறதாலதான் மரைக்குள்ள இறுகுது, அந்த அடைப்புல ஆயில் போக வழியே இருக்காது, அதிர்ச்சில சின்ன விரிசல் விட்டாத்தான் ஆயில் தானா உள்ள இழுத்துக்கும். சில பேர் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் பாதிக்குப் பாதி கலந்து போடுவாங்க, அதுவும் நல்லா வேலை செய்யுது, ஆனா அசிட்டோன் சட்டுனு தீப்பிடிக்கும், பெயின்ட்டையும் பிளாஸ்டிக்கையும் தின்னும், அடுத்த நாள் டார்ச் பிடிக்கப் போற இடம்ங்கறதால நாங்க அதைத் தொடல.

நடு நாலும், 7ம் நம்பரும்

மறுநாள் நடுவுல இருந்து ஆரம்பிச்சோம். ஆறு பட்டை சாக்கெட்டு மட்டும்தான், பன்னிரெண்டு பட்டை சாக்கெட்டை டூல் பெட்டில இருந்தே எடுக்கக்கூடாதுன்னு சீனியர் சொல்லிட்டார். பன்னிரெண்டு பட்டைல பிடி நட்டோட மூலைக்கு ரொம்ப ஒட்டி விழும், துரு ஏறி அளவு குறைஞ்ச நட்டுல அந்த மூலைதான் முதல்ல போறது, ஆறு பட்டை சாக்கெட்டு பட்டையோட முகத்துல பிடிக்கும். முதல் அசைவை இறுக்குற பக்கம் கொஞ்சூண்டு கொடுத்து, துரு உடையற "டக்" சத்தம் கேட்டதும் கழட்டுற பக்கம் திருப்பினோம். கால் சுத்து கழட்டு, கொஞ்சம் இறுக்கு, ஆயில் அடி, திரும்ப கழட்டு. நாலும் வந்துடுச்சு. ஆனா எதையும் முழுசா எடுக்கல, ரெண்டு மூணு மரைல அப்படியே நிக்க விட்டோம், ஏன்னா எல்லாத்தையும் எடுத்துட்டா மேனிஃபோல்டு எடை முழுக்க மீதி மாட்டிக்கிட்ட ஸ்டட்டு மேல தொங்கும்.

7ம் நம்பர்ல நிறைய பேர் கவனிக்காத விஷயம் ஒண்ணு இருக்கு. நட்டுக்கு உள்ள இருக்கிற மரை ஓரளவு சுத்தமாத்தான் இருக்கும், பிரச்சனை வெளிய நீட்டிக்கிட்டு இருக்கிற மரை. நட்டு கழண்டு வரும்போது அந்த துரு செதிலை எல்லாம் தாண்டித்தான் வரணும், முதல் அரை சுத்து லேசா வந்துட்டு அப்புறம் போகப் போக இறுகுதுன்னா இதுதான் காரணம், அங்க பலம் போட்டா ஸ்டட்டு முறுக்கி உடையும். நாங்க வெளி மரையை வயர் பிரஷ்ல தேச்சு, நுனில இருந்து எம்8 டையை (கம்பி மேல மரை வெட்டுற டூல்) ஆயிலோட ஓட்டி மரையை சுத்தம் பண்ணிட்டு அப்புறம்தான் நட்டை அசைச்சோம். கையாலயே வந்துச்சு.

1ம் நம்பர் நட்டோட ஸ்டட்டும் சேந்து ஹெட்டுல இருந்து கழண்டு வந்துடுச்சு. ஹெல்ப்பர் தம்பி பதறிட்டான், அது நல்லதுதான்னு சொல்லி புரிய வச்சோம், ஸ்டட்டு எப்படியும் மாத்தப் போறதுதானே.

2ம் நம்பர்: மழுங்கின நட்டு

வைஸ் கிரிப் திரும்ப போடலாமான்னு பேச்சு வந்துச்சு. வேணாம்னு முடிவு பண்ணதுக்கு ரெண்டு காரணம்: ஏற்கனவே அது ஒரு தடவ வழுக்கி மூலையைத் தின்னிருக்கு, இன்னொண்ணு வைஸ் கிரிப் ரெண்டே பக்கத்துல நசுக்கும்போது நட்டு லேசா முட்டை வடிவமா ஆகி மரையை இன்னும் இறுக்கிப் பிடிக்கும்.

12.3 இருந்த நட்டுமேல 12 மி.மீ ஆறு பட்டை சாக்கெட்டை வச்சு சுத்தியால நேரா அடிச்சு ஏத்தினோம். பழைய சாக்கெட்டைத்தான் இதுக்கு வச்சிருக்கோம், நல்ல செட்டைக் கெடுக்க வேணாம். அடிச்சு ஏத்தறதுலயே துருவுக்கும் ஒரு அதிர்ச்சி கிடைக்குது. பிடிச்சுச்சு, கொஞ்சம் நகர்ந்துச்சு, அப்புறம் அதுவும் வழுக்கிடுச்சு. உள்பக்கம் சுருள் பல் இருக்கிற நட்டு எக்ஸ்ட்ராக்டர் சாக்கெட்டு போடலாம்னா அதுக்கு பக்கத்து போர்ட்டு இடம் கொடுக்கல.

இங்க சீனியர் எடுத்த முடிவுதான் சரி. "நட்டு போனா போகட்டும், ஸ்டட்டைக் காப்பாத்து"ன்னு சொல்லி, சின்ன கட்டிங் சக்கரத்தால நட்டோட ஒரு பட்டையை ஸ்டட்டு அச்சுக்கு இணையா, மரையைத் தொடறதுக்கு கொஞ்சம் முன்னாடி வரைக்கும் அறுத்து, அந்த வெட்டுல உளியை வச்சு ஒரு அடி. நட்டு வாய் திறந்துடுச்சு, மரை மேல இருந்த அழுத்தம் போச்சு, பிளையர்லயே சுத்தி எடுத்தாச்சு. அறுக்குறதுக்கு முன்னாடி பக்கத்துல இருந்த வயரிங், ரப்பர் ஹோஸ் மேல ஈரத்துணி போட்டு மூடினோம், கண்ணாடி ரெண்டு பேரும் போட்டுக்கிட்டோம்.

8ம் நம்பர்: உடைஞ்ச ஸ்டட்டு

இதுல சாக்கெட்டு நல்லா உக்காந்துச்சு, மூலையும் முழுசா இருந்துச்சு, ஆனா அழுத்தும்போது கைக்கு வேற மாதிரி இருந்துச்சு. நட்டு கழண்டா சட்டுனு விடும், இது விடாம மெதுவா நகர்ற மாதிரி வந்துச்சு, கையை எடுத்தா ஸ்பிரிங் மாதிரி பழைய இடத்துக்கே திரும்பிச்சு. அதாவது நட்டு சுத்தல, ஸ்டட்டு முறுங்குது. எல்லாரும் அங்கேயே நிறுத்தினோம்.

அடுத்து சூடு. ஆயிலை எல்லாம் துடைச்சு எடுத்துட்டு (குளோரின் இருக்கிற பிரேக் கிளீனர் அடிச்ச இடத்துல டார்ச்சோ வெல்டிங்கோ பிடிக்கவே கூடாது, அந்தச் சூட்டுல விஷவாயு வரும், அதனால வெறும் துணிதான்), தீயணைப்பானை பக்கத்துல வச்சு, கேஸ் டார்ச்சை நட்டுல மட்டும் பிடிச்சோம். குறி நட்டு, ஸ்டட்டு இல்ல. நட்டு 500 டிகிரி ஏறினா எம்8 துளை சுமாரா 0.05 மி.மீ விரியும், கேக்க கம்மியா இருந்தாலும் துருவோட பிடி விட அது போதும். ஆனா பின்னாடி இருக்கிறது அலுமினிய ஹெட்டு, அலுமினியம் 660 டிகிரில உருகும், வார்ப்பு அலாய் அதுக்கும் கீழயே இளக ஆரம்பிக்கும், உருகறதுக்கு முன்னாடி இரும்பு மாதிரி சிவந்து எச்சரிக்கை கொடுக்காது. அதனால நட்டு மங்கலா சிவந்த உடனே டார்ச்சை எடுத்துட்டோம்.

சூடா இருக்கும்போதே முன்னும் பின்னும் அசைச்சதுல கொஞ்சம் அசைவு கூடுச்சு, எங்களுக்கு நம்பிக்கையும் வந்துச்சு, அப்புறம் ஒரு வழவழப்பான அசைவுல ஸ்டட்டு ஹெட்டு முகத்துக்கு சரியா உடைஞ்சு நட்டோட கையில வந்துடுச்சு. உடைஞ்ச முகத்துல முக்கால் பாகம் பழுப்பா பழைய துரு, கால் பாகம்தான் பளபளன்னு புதுசு. விரிசல் எப்பவோ விழுந்திருக்கு, அந்த ஓரத்துல கேஸ் கசிஞ்சதுக்கும் அதுவே காரணமா இருந்திருக்கணும்.

உடைஞ்சதை எடுத்த விதம்

மேனிஃபோல்டை இறக்கியாச்சு. ஹெல்ப்பர் தம்பி, "அண்ணே, ஓட்டை போட்டு ஈசி அவுட் விட்டுப் பாக்கட்டுமா?"ன்னு கேட்டான். ஈசி அவுட்டுன்னா உடைஞ்ச போல்ட்டுக்குள்ள ஓட்டை போட்டு இறக்கி, கழட்டுற பக்கம் திருப்புற டூல். சீனியர் வேணாம்னுட்டார், அதுக்கான காரணத்தை அவனை உக்கார வச்சு சொன்னார். ஸ்டட்டு நல்ல தடிமனா முழு பலத்தோட இருக்கும்போதே வரல, அதுல ஓட்டை போட்டு அதுக்குள்ள போற மெல்லிசான ஈசி அவுட்டுக்கு எப்படி வரும்? அது கடினப்படுத்தின ஸ்டீல், வளையாது, டப்புனு உடையும், உள்ள உடைஞ்சா அதுக்கப்புறம் சாதாரண ட்ரில் பிட்டு அதுல ஏறாது, ஹெட்டை இறக்கி ஸ்பார்க் எரோஷன் மெஷின்ல அரிச்சு எடுக்கிறதுதான் வழி. அதுவும் போக சுருள் மாடல் ஈசி அவுட்டு இறங்க இறங்க ஸ்டட்டை உள்ளிருந்து விரிச்சு மரையை இன்னும் அழுத்தும். தலை மட்டும் அறுந்த, மரைல இறுகாத போல்ட்டுக்கு ஈசி அவுட்டு நல்ல டூல். துருல இறுகி உடைஞ்சதுக்கு இல்ல.

ஓனரைக் கூப்பிட்டு மூணு வழியையும் சொன்னோம்: நட்டு வெல்டு பண்ணி எடுக்கிறது, அது முடியலன்னா ட்ரில் பண்ணி புது மரை இன்செர்ட் (துளைக்குள்ள பொருத்துற மரைக்கூடு) போடுறது, அதுவும் கோணிக்கிட்டா ஹெட்டை இறக்கி மெஷின் ஷாப்புக்கு அனுப்புறது. எந்த வழியில எவ்வளவு ரிஸ்க்குன்னு முன்னாடியே சொன்னதால அவரும் நிதானமா "முதல் வழில பாருங்க"ன்னார்.

பேட்டரி நெகட்டிவ் வயரைக் கழட்டி, எர்த் கிளாம்பை ஹெட்டுலயே உடைஞ்ச இடத்துக்குப் பக்கத்துல போட்டோம். உடைஞ்ச முகத்தை பளபளன்னு தேச்சு, மேல ஒரு எம்8 நட்டை வச்சு, மிக் வெல்டிங்ல (வயரை ஊட்டி உருக்கி ஒட்டுற வெல்டிங்) நட்டோட துளை வழியா உள்ள நிரப்பினோம். திருப்பினதும் வெல்டு விட்டுடுச்சு, சின்ன துளைல வயர் அடி வரைக்கும் போய் பிடிக்கல. அடுத்து எம்10 நட்டு, துளை பெருசுங்கறதால ஸ்டட்டு முகத்துல நேரா ஆரம்பிச்சு வெளிப்பக்கமா நிரப்ப முடிஞ்சுது. வெல்டு அலுமினியத்துல ஒட்டாதுங்கறது இங்க நமக்கு சாதகம்.

வெல்டிங்கோட பாதி லாபம் நட்டு பிடிமானம், மீதி பாதி அந்த சூடுதான். சிவந்த ஸ்டட்டு விரியும்போது சுத்தி இருக்கிற அலுமினியம் அதை நெருக்கும், ஆறும்போது சுருங்கி அந்த வெள்ளைப் பொடி அரிப்போட ஒட்டு விட்டுப்போகும். சிவப்பு போனதும் மெழுகுவர்த்தியை ஸ்டட்டு ஓரத்துல வச்சோம், உருகி மரைக்குள்ள இழுத்துக்கிச்சு. கை சூடு தாங்கற அளவு வந்ததும் மெதுவா ரெண்டு பக்கமும் அசைச்சு அசைச்சு, சின்ன கிறீச் சத்தத்தோட வந்துச்சு. மரைல அலுமினியத்தோட வெள்ளைப் பொடி அப்பியிருந்துச்சு, இரும்பும் அலுமினியமும் ஈரத்துல ஒட்டி இருந்தா இந்த அரிப்பு வரத்தான் செய்யும்.

அதுக்கு அப்புறம்

எட்டு துளைலயும் எம்8, 1.25 பிட்ச் மரை சுத்தம் பண்ற டேப்பை கையால மட்டும் ஓட்டினோம். 8ம் நம்பர் மரை முழுசா இருந்ததால இன்செர்ட்டுக்கு வேலை வரல. மேனிஃபோல்டு முகத்துல நேர்க்கோல் வச்சுப் பாத்தா நாலாவது போர்ட்டு பக்கம் வளைஞ்சிருந்துச்சு, லேத்துல கொடுத்து முகம் எடுத்தோம். இதை விட்டுட்டு புது கேஸ்கெட்டு மட்டும் போட்டிருந்தா திரும்ப அதே ஸ்டட்டுதான் போகும்.

எட்டு ஸ்டட்டும் புதுசு, நட்டு செம்பு முலாம் போட்டது. சூடு தாங்கற ஆன்ட்டி சீஸை (மரை ஒட்டிப் பிடிக்காம இருக்கப் பூசுற பேஸ்ட்) மரைல மெல்லிசா தடவினோம். அது மரை உராய்வைக் குறைக்கிறதால வறண்ட மரைக்குச் சொன்ன டார்க்கை (இறுக்குற முறுக்கு அளவு) அப்படியே வச்சா ஸ்டட்டு கூடுதலா இழுபடும், அதனால மேனுவல் அளவுல இருந்து குறைச்சு, நடுவுல இருந்து ரெண்டு பக்கமுமா ரவுண்டு ரவுண்டா டார்க் ரெஞ்சுல இறுக்கினோம். குளிர் ஸ்டார்ட்டுல சத்தம் இல்ல. சில மாசம் கழிச்சு ஆயில் சர்வீசுக்கு வந்தப்போ 8ம் நம்பர் நட்டை கழட்டிப் பாத்து திரும்ப இறுக்கினோம், கையழுத்தத்துலயே வந்துச்சு.

இனிமே மாத்திச் செய்யப்போறது

முக்கியமானது 8ம் நம்பர் மாதிரி ஸ்பிரிங் அடிக்கிற ஸ்டட்டு. சூடு பண்ணியும் அந்த உணர்வு மாறலன்னா நட்டைக் கழட்டற முயற்சியையே விட்டுட்டு, 2ம் நம்பர்ல பண்ண மாதிரி நட்டை அறுத்து மேனிஃபோல்டை முதல்ல இறக்கறதுன்னு முடிவு பண்ணிருக்கோம். அப்போ ஸ்டட்டு முழு நீளத்துக்கும் வெளிய நிக்கும், பிடிக்க இடம் கிடைக்கும், சூட்டை நேரா ஹெட்டுல கொடுக்கலாம். அலுமினியம் இரும்பைவிட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு விரியும்ங்கறதால 150 டிகிரி வரைக்கும் ஹீட் கன்னுல ஏத்தினாலே எம்8 துளை ஸ்டட்டைவிட 0.01 மி.மீ கூடுதலா திறக்கும், டார்ச்சே வேண்டியதில்ல. விரிசல் முக்கால் பாகம் போன இந்த ஸ்டட்டு அப்பவும் உடைஞ்சிருக்கலாம், ஆனா நல்ல ஸ்டட்டுக்கு இந்த வரிசைல பிழைக்க வாய்ப்பு அதிகம்.

இன்னொண்ணு, பழைய வண்டி எக்ஸாஸ்ட் வேலைக்கு வர்றதா இருந்தா ஓனர்கிட்ட முன்கூட்டியே ஊடுருவுற ஆயிலைக் கொடுத்து, இன்ஜின் நல்லா ஆறினப்புறம் தினமும் அடிச்சுக்கிட்டு வரச் சொல்றோம். வண்டி ஓடும்போது சூடாகி ஆறுறதே அதை உள்ள இழுத்துக்கும், நம்ம ஒரு ராத்திரி ஊறலைவிட அது நல்லா வேலை செய்யும்.

இந்த கேஸ்ல சூடு காட்டின நட்டும் ஸ்டட்டும் எல்லாமே குப்பைக்குப் போச்சுங்கறதையும் சொல்லணும். 8.8, 10.9 கிரேடு போல்ட்டுக்கெல்லாம் பலமே வெப்பப் பதப்படுத்தலாலதான் வருது, சிவக்கச் சிவக்கச் சூடாக்கினா அது போயிடும், பாக்க அதே மாதிரிதான் இருக்கும். இதே முறையை பிரேக் காலிபர் போல்ட்டுக்கோ சஸ்பென்ஷன் போல்ட்டுக்கோ கொண்டு போறவங்க சூடு காட்டினதை எந்தக் காரணத்துக்காகவும் திரும்ப மாட்டக்கூடாது, அதே கிரேடுல புதுசு கையில இருந்தா மட்டும் டார்ச்சை எடுங்க. பக்கத்துல ரப்பர் புஷ், பால் ஜாயின்ட், பிரேக் ஹோஸ், பெட்ரோல் பைப் எது இருந்தாலும் அதை முதல்ல கழட்டி எடுக்கணும், எடுக்க முடியலன்னா அங்க நெருப்பு வேணாம், நட்டை அறுத்துடுங்க.